‘தீபன்’ படத்தில் வன்னி எவ்வளவு இருக்கிறது?

வவுனியாவில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “‘தீபன்’ பார்த்தேன். வன்னியிலிருந்து போன குடும்பம் ஒன்று பாரிஸில் முதலிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கும் கதை என்றுதான் சொல்லித் தந்தார்கள். பாதி எங்கட கதை மாதிரி இருந்தது. கடைசியில் வேற ஏதோ படம் மாதிரிப் போயிட்டுது. இதில எவ்வளவு உண்மை? ஏன் அப்பிடி முடிச்சவை? அம்மாவையும் இருத்தி வைச்சுக் காட்டலாமா?”

மூன்று கேள்வி. கடைசிக் கேள்விதான் கஷ்டம். அதைக் கடைசிக்கே வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் சினிமா விமர்சகன் இல்லை. இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சியில் ஒரு மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் போட்டோக்கொப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம். பின்பக்கம் ஒரு மேசை, அதில் நான். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரையைக் குத்திக் கொடுப்பது தொழில். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை போய்ச் சேருவது பிரான்ஸுக்கு, சுவிஸுக்கு, லண்டனுக்கு, கனடாவுக்கு. அதனால் ‘தீபன்’ மாதிரி ஒரு படத்தை மற்றவர்கள் திரையின் பக்கமிருந்து பார்த்தால் நான் தாளின் பக்கமிருந்து பார்க்கிறேன். இதுவரை நாலு தரம் பார்த்துவிட்டேன். என் பதிலில் அந்தச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்குக் கதை சுருக்கமாக. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்த படம். 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசான தங்கப்பனையை வாங்கியது. 2009, இலங்கைப் போரின் கடைசி நாட்கள். சிவதாசன் என்ற போராளி கூட இருந்தவர்களின் உடல்களை எரித்துவிட்டு, சீருடையைக் கழற்றிப் போட்டு, சாதாரண உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியேறுகிறான். முகாமில் யாழினி என்ற பெண் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை ஏதாவது இருக்கிறதா என்று கூடாரம் கூடாரமாகக் கேட்டுத் திரிகிறாள். ஒன்பது வயது இளையாள் அகப்படுகிறாள். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள் மூன்று கைமாறுகின்றன. ஒருவரையொருவர் முன்பின் தெரியாத மூன்று பேர் புருஷன், பெண்சாதி, மகள் ஆகிறார்கள். சிவதாசன் தீபன் ஆகிறான். பாரிஸ் ஓரத்தில் ஓர் அடுக்குமாடித் தொகுதியில் அவனுக்குப் பராமரிப்பாளர் வேலை. யாழினி ஒரு முதியவருக்குச் சமைத்துக் கொடுக்கப் போகிறாள். இளையாள் பள்ளிக்கூடம் போகிறாள். கீழே போதைப்பொருள் விற்கிற கும்பல் குந்திக்கொண்டிருக்கிறது. பிறகு வெடிச்சத்தம்.

தீபனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசனை வாசிக்கிற ஆக்களுக்கு ஷோபாசக்தி என்ற பெயரில் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தை ஒட்டின தீவகத்து அல்லைப்பிட்டிக்காரர். சின்ன வயதில் புலிகள் இயக்கத்துக்குப் போய், எண்பதுகளிலேயே விலகி, தாய்லாந்தில் சில காலம் இருந்து, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர். படத்தில் ஏறக்குறைய பாதி தன் வாழ்க்கை என்று அவரே சொல்லியிருக்கிறார். யாழினியாக வந்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக நடிகை. இளையாளாக வந்த பிள்ளை பிரான்ஸில் வளர்ந்தவள். ஆரம்பக் காட்சிகளைத் தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் எடுத்தார்கள். பாரிஸ் தொகுதி என்று காட்டுவது பொய்ஸி என்ற ஊரில் உள்ள லா கூத்ரே குடியிருப்பை. ஆக, ஆட்களிலும் வன்னி இல்லை, மண்ணிலும் வன்னி இல்லை.

இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. படம் இரண்டு காலத்தை ஒன்றாகத் தைத்திருக்கிறது. ஓடுகிற காரணம் 2009இனுடையது. போய்ச்சேர்ந்த பிறகு நடக்கிற சீவியம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போன யாழ்ப்பாணத்து, தீவகத்துப் பெடியளுடையது. இரவில் தெருவில் மினுங்கும் விளையாட்டுச் சாமான் விற்பது, பொலிஸைக் கண்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஒரு அறைக்குள் நெருக்கிப் படுப்பது எல்லாம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலை அண்டி முதல் தலைமுறை பட்ட பாடு. இருட்டுக்குள் நீலமும் சிவப்புமாகச் சின்ன வெளிச்சங்கள் மினுங்கி மினுங்கிக் கிட்ட வர, கடைசியில் அது தலையில் காதுப் பட்டி மாட்டிய தீபன் என்று தெரிகிற இடம் நினைவிருக்கிறதா? அந்தக் காட்சியை எங்கள் கடைக்கு வந்த ஒரு பாரிஸ்காரருக்குப் போனில் காட்டினேன். இருபத்தைந்து வருஷம் அங்கே சமையலறையில் நின்றவர். பார்த்துவிட்டு, “நான் றோஸ்பூ வித்தனான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆனால் 2009இல் வன்னிக்குள் அகப்பட்ட சனம் போன வழி வேறு. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குள் 3 இலட்சத்துக்குக் கிட்டவான ஆட்கள் இருந்தார்கள். கடல் வழியாகப் போனவர்களும் உண்டு. 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 பேரோடும், 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 பேரோடும் கனடாக் கரையை அடைந்தன. அவுஸ்திரேலியாவுக்கு மீன்பிடி வள்ளங்களில் போனார்கள், அதில் எல்லாரும் போய்ச்சேரவில்லை. பெரும்பகுதிச் சனமோ எங்கும் போகவில்லை. தகரம் பத்துப் பன்னிரண்டு வாங்கிக்கொண்டு, பற்றை வெட்டி, மிதிவெடி எடுத்து முடிந்தது என்று எழுதிய பலகையைத் தாண்டி, சொந்தக் காணிக்குள்ளேயே அகதி மாதிரித் திரும்பி வந்தார்கள். மெனிக்பாம் மூடினது 2012 செப்டம்பரில். ‘முதலிலிருந்து தொடங்குவது’ என்றால் பாரிஸில்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. பரந்தனில் தொடங்குவதும் தொடக்கம்தான்.

சரி, தாளுக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தார். மல்லாவிப் பக்கம். மேசையில் ஒரு சொப்பிங் பையை வைத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ரப்பர் போட்ட ஒரு பொலித்தீன். வன்னியில் எந்த வீட்டிலும் இந்தப் பை இருக்கும். 2009இல் உலை மூடியை விட்டார்கள், தாலிக்கொடியை விட்டார்கள், இந்தப் பையை விடவில்லை. பங்கருக்குள் நெஞ்சோடு வைத்திருந்தது, நந்திக்கடல் தண்ணீருக்குள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தது. உள்ளே பிறப்புப் பத்திரம் ஒன்று, மடிப்பு மடிப்பாக நாலு துண்டு, ஓரத்தில் உப்புக்கறை. முகாமில் தந்த குடும்ப அட்டை. புருஷன் பிரான்ஸில், அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, குடும்பத்தைக் கூப்பிடப் போகிறார். பிரச்சினை என்னவென்றால் அங்கே விசாரணையில் மகளின் பிறந்த திகதியை அவர் வாய்வழியாகச் சொல்லியிருக்கிறார். பத்திரத்தில் உள்ள திகதியோடு இரண்டு மாத வித்தியாசம். பிள்ளை தவழுகிறபோது போன மனிசன், மாதம் மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த அம்மா என்னைக் கேட்டது இது: “எதை மாத்திறது அண்ணை, பிள்ளையையா, தாளையா?”

இதை விளங்கிக்கொண்டால் ‘தீபன்’ படத்தின் முதல் இருபது நிமிடம் ஏன் அப்படிக் குத்துகிறது என்பதும் விளங்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முன்னால் வரும். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி இருக்கும், அதை வெறுமையாக விட முடியாது. அதனால் புருஷனுக்கு அவருடைய அப்பாவின் பெயர் அங்கே போகும். பெண்சாதிக்கு அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்குப் புருஷனின் பெயர். ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பப் பெயர். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பார்த்தால் மூன்று அந்நியர் சேர்ந்து நாடகம் ஆடுவது போலத்தான் இருக்கும். மல்லாவி அம்மாவின் உண்மையான குடும்பம் தாளில் பொய்யாகத் தெரிகிறது. படத்தில் வருகிற பொய்க்குடும்பமோ ஒரே பெயர், ஒழுங்கான திகதி, மூன்று பாஸ்போர்ட் என்று தாளில் உண்மையாகத் தெரிகிறது. ஓதியார் இந்த விஷயத்தை எவ்வளவு தூரம் தெரிந்து எடுத்தார் என்பது வேறு கதை. எனக்கு அந்த இடம் என் மேசையிலேயே நடப்பது போல இருந்தது.

ஆனால் படம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டவர் என் மாமி. எங்கள் வீட்டில் அவரும் கூட இருந்து பார்த்தார். பாஸ்போர்ட் கைமாறுகிற இடத்திலேயே கேட்டார்: “அப்ப உண்மையான தீபன்? அந்தப் பிள்ளையும் தாயும்? அவையளை எங்க தாட்டது?” படம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்று பேர் தப்ப மூன்று பெயர் கிடைத்தது, அவ்வளவுதான் அதற்கு. இங்கே அப்படி இல்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வருஷக்கணக்காக அதே கேள்வியோடு இருக்கிறார்கள். இராணுவத்தின் கையில் கொடுத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. மரணப் பத்திரம் எடுத்தால் பிள்ளை செத்ததாகத் தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று எடுக்காமல் விட்டவர்கள் அவர்களில் உண்டு. காணாமல் போனதற்கென்று தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்தது. அதையும் வாங்க மனம் வராதவர்கள் உண்டு. இறந்தவர்களின் பெயரைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறவர்கள் தப்பிப்போவது படத்தின் தொடக்கம். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இருப்பது வன்னியின் நடப்பு. இரண்டாவதைப் பற்றி ஒரு படம் இன்னும் சரியாக வரவில்லை என்பது என் எண்ணம்.

இனி வெள்ளைக் கோடு. படம் பாதி தாண்டிய பிறகு, கும்பல்களுக்குள் வெடி விழுந்த பிறகு, தீபன் தொகுதியின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்து, இது சூடு நடத்தக்கூடாத இடம் என்று அறிவிக்கிறான். கீழே நிற்கிற பெடியங்களுக்கு ஆள் விசர் மாதிரித் தெரிகிறான். வெளிநாட்டு விமர்சனங்கள் சிலதில் இதை அவனுடைய போர்க்காயம் வெளியே வருகிற இடம் என்று எழுதினார்கள். சரிதான். ஆனால் வன்னியில் இருந்த ஒருவருக்கு அது அதைவிடப் பெரிய அடி. ‘பாதுகாப்பு வலயம்’ என்ற சொல்லை நாங்கள் படித்தது 2009இல். ஜனவரி மாதம் 20ஐ ஒட்டி முதல் வலயம் அறிவித்தார்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே, சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் என்று 35 சதுர கிலோமீட்டர் அளவில். பெப்ரவரி 12இல் புதுமாத்தளன் கரையோரமாக அடுத்தது, முதலாவதில் பாதிகூட இல்லை. மே 8இல் மூன்றாவது, முள்ளிவாய்க்காலில் ஒரு துண்டு. ஒவ்வொரு தரமும் கோடு சுருங்கச் சுருங்கச் சனம் அதற்குள் போனது. கோட்டுக்குள்ளேயே எறிகணை விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கையில் மூன்று வலயங்களுக்குள்ளும் அரசாங்கப் படை பெருமளவில் எறிகணை அடித்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருக்கிறது என்று இருக்கிறது. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்து வைத்திருந்ததும், ஓடினவர்களைச் சுட்டதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு இரண்டுக்கும் அறிக்கை தேவையில்லை.

அப்படியான ஒரு கோட்டை, அந்தக் கோடு எவரையும் காப்பாற்றாது என்று மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்த ஒரு மனிதன், பாரிஸ் ஓரத்தில் கொண்டுபோய்க் கீறுகிறான். வேறு கருவி அவன் கையில் இல்லை. தனக்குச் செய்யப்பட்டதையே திருப்பிச் செய்கிறான். படத்தில் எனக்கு மிகப் பெரிய காட்சி அதுதான். அந்தக் காட்சியோடு படம் முடிந்திருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

நடுவில் யானையைப் பற்றி ஒரு வார்த்தை. இலைகளுக்குள் யானை ஒன்றின் முகம் மெதுவாக அசைவது படத்தில் வந்து வந்து போகும். பிரெஞ்சுக்காரருக்கு அது பிள்ளையாராகவும் இருக்கலாம், ஊர் நினைவாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் யானையைக் கண்டதும் மச்சான், “வாழை முழுக்கப் போச்சு” என்றான். வன்னியில் யானை இரவில் வந்தால் கனவு வராது. யானை வெடி கொளுத்திக்கொண்டு விடியவிடிய முழித்திருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் படம் பெரிய வேலை செய்திருக்கிறது. ஒரு பிரெஞ்சு இயக்குநர், தனக்கு விளங்காத மொழியில், படத்தின் பெரும் பகுதியைத் தமிழில் எடுத்தார் என்பதே சின்ன விஷயம் இல்லை. அகதி விசாரணைக் காட்சியைப் பாருங்கள். அதிகாரி கேட்கிறார், தீபன் மனப்பாடம் பண்ணின கதையைச் சொல்கிறான், நடுவில் இருக்கிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் திடீரென்று தன் வேலையை விட்டு அவனோடு நேராகக் கதைக்கத் தொடங்குகிறார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஒரு நிமிடம் அந்த அறை தமிழ் அறையாகிறது. நானும் மொழிபெயர்க்கிறவன். அப்படிச் செய்யக்கூடாது, தொழிலுக்கு அது பிழை. ஆனாலும் எத்தனையோ தரம் எனக்கு அப்படி வாய் வந்திருக்கிறது.

இன்னும் இரண்டு சின்ன இடங்கள். தொகுதியில் இருக்கிற பெண்கள் தலையை மூடுகிறார்கள் என்று கண்டு யாழினியும் துணியால் தலையை மூடிக்கொள்வது. ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்த்த பிள்ளை, எந்த ஊர் என்று தெரியாமலே ஒத்துப்போகிறாள். மற்றது, பிரெஞ்சுக்காரர் சொல்கிற பகிடியில் ஒவ்வொரு சொல்லும் தனக்கு விளங்குகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை என்று தீபன் சொல்ல, உனக்குத் தமிழிலேயே பகிடி வராதே என்று யாழினி மடக்குவாள். இந்த மூன்று பேரும் உண்மையிலேயே குடும்பமாகிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில்தான். தாள் அவர்களைப் புருஷன் பெண்சாதி ஆக்கவில்லை. அந்தக் கொழுவல்தான் ஆக்குகிறது.

இந்த இடத்தில் 2025 மே 1ஆம் திகதி வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் சேர்த்துப் பார்க்கலாம். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம், சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து கடல் தாண்டி, சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிற குடும்பம். 2022இல் உண்மையாகவே அப்படிக் குடும்பங்கள் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கின. படம் இனிப்புக் கூடினது. அந்தத் தெருவில் கெட்ட மனிதர் என்று ஒருவரும் இல்லை, அப்படி ஒரு தெருவைக் கண்டால் நானும் போய்க் குடியிருப்பேன். ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். சென்னையில் அந்தக் குடும்பம் ஒளிக்க வேண்டியது தங்கள் தமிழை. வாய் திறந்தால் இலங்கை என்று தெரிந்துவிடும். பாரிஸில் தமிழ் ஒளிந்துகொள்கிற இடம், சென்னையில் அதே தமிழ் காட்டிக்கொடுக்கிற சாமான்.

எனக்கு இதில் அனுபவம் கிளிநொச்சியிலேயே உண்டு. எங்கள் குடும்பம் மலையகம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வெளிக்கிட்டு வன்னிக்கு வந்தவர்கள். அப்படி வந்த குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காடு வெட்டிக் கச்சான் போட்டு, கிணறு வெட்டி, இந்த நிலத்தை நிலமாக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் அப்பாயி சாகும்வரை அறையைக் ‘காம்பரா’ என்றுதான் சொன்னார். கொட்டிலின் முன்பக்கம் ‘இஸ்தோப்பு’. நாலு தடியும் கிடுகும், அதற்கு இஸ்தோப்பு! பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாள் ‘காம்பரா’ என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சொல்லக் கேட்டேன். ஒரு வருஷத்துக்குள் ‘வாங்கோ, போங்கோ’ என்று கதைக்கப் பழகிவிட்டேன். வீட்டுக்குப் போனால் அப்பாயி, “யாரு வந்திருக்கிறது?” என்று கேட்பார். பகிடிக்குத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தேன்.

இதைச் சொல்லக் காரணம், இளையாள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற காட்சிகள். மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சி அனுப்புகிறார்கள், நீயும் என்னைக் கொஞ்சு என்று யாழினியைக் கேட்பாள் அந்தப் பிள்ளை. பாசத்துக்காகக் கேட்கிறாளா, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவா? இரண்டுக்கும்தான். புது இடத்தில் பிள்ளைகள்தான் முதலில் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள், பெரியவர்களுக்கும் அவர்கள்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

இனி இரண்டாவது கேள்வி, முடிவு. தீபன் கத்தியைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் படியேறி, ஒருவன் பின் ஒருவனாக வெட்டிச் சாய்த்து யாழினியை மீட்கிறான். அடுத்த காட்சியில் இங்கிலாந்து, வெயில், புல்வெளி, கைக்குழந்தை. உங்களுக்கு வேற படம் மாதிரி இருந்தது என்றீர்கள். பிரான்ஸிலேயே நிறையப் பேர் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கோபம் அந்தப் புறநகரைப் போர்க்களம்போலக் காட்டியதில். பொய்ஸிச் சனத்துக்காக அவர்கள் பேசினது நியாயம்தான். என் கோபம் வேறு.

போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்திருந்து பிறகு வெளியே விட்டார்கள். அவர்களில் பலர் எங்களோடுதான் இருக்கிறார்கள். மேசன் வேலை, ஓட்டோ, வயல். என் கடைக்கும் வருவார்கள், புனர்வாழ்வுச் சான்றிதழைக் கொப்பி எடுக்க. அதைத் தாளின் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துத் தருவார்கள். பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றால் வெளியே போய் நின்றுவிட்டுப் பிறகு வருவார்கள். வேலை கேட்கப் போகிற இடத்தில், கலியாணம் பேசுகிற இடத்தில், தங்கள் உடம்பில் இருக்கிற பயிற்சி தெரியாமல் இருக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘தீபன்’ படத்தின் முதல் பாதியிலும் அந்த நடை இருக்கிறது. வாளியும் விளக்குமாறுமாக, கும்பல் எழும்பிப் போகும்வரை காத்திருந்து படி கழுவுகிற தீபன்தான் நான் அறிந்த ஆள். இயக்கத்துப் பழைய கேணல் ஒருவர் வந்து ஆயுதத்துக்குக் காசு சேர்க்கச் சொல்ல, எனக்கு அது முடிந்துவிட்டது என்று சொல்லி அடி வாங்குகிற தீபனும் நான் அறிந்த ஆள்தான். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று இங்கே தெரியும். அந்தத் துணிவைக் காட்டிவிட்டு, பிறகு அதைவிடப் பெரிய துணிவு கத்தியில்தான் இருக்கிறது என்பதுபோல முடித்ததுதான் பிழை. போராளி என்றால் கடைசியில் ஒரு தரமாவது சண்டை பிடித்துக் காட்ட வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள், இயக்குநரும் கொடுத்துவிட்டார்.

இங்கிலாந்துக் காட்சியை ஒரு கனவு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்தால் கொஞ்சம் தாங்கலாம். யாழினி தொடக்கத்திலிருந்தே லண்டனில் இருக்கிற சொந்தக்காரியிடம் போகத்தான் துடித்துக்கொண்டிருந்தாள். கனவு அவளுடையதாகவும் இருக்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன், அப்படிப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

உண்மை எவ்வளவு என்று ஒரே வரியில் கேட்டால், வேலை கிடைத்த வேகம் நம்பும்படி இல்லை. அகதி வழக்கு முடியும்வரை வேலை அனுமதி எடுப்பதே பெரிய பாடு, இதில் வீட்டோடு சேர்ந்த பராமரிப்பாளர் வேலை என்பது லொத்தர் விழுந்த மாதிரி. முதல் நிராகரிப்பு, பிறகு மேன்முறையீடு, அதற்கு எழுதுகிற கதை, அந்தக் கதைக்கு ஊரிலிருந்து தேடி அனுப்புகிற கடிதம், அதில் ஒரு எழுத்துப் பிழை என்று வருஷங்கள் போகிற வழியைப் படம் தாண்டிக் குதித்துவிட்டது. அதெல்லாம் காட்டினால் பார்க்கிறவர் எழும்பிப் போய்விடுவார் என்பதும் உண்மைதான். என் கடைக்கு வருகிறவர்களுக்கு எழும்பிப் போக இடம் இல்லை.

அம்மாவுக்குக் காட்டலாமா? அம்மா 2009இல் எங்கே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வவுனியாவிலோ வெளியிலோ இருந்தவர் என்றால் தாராளமாகக் காட்டுங்கள். உள்ளே இருந்தவர் என்றால் முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிவிடுங்கள். உடல்கள் எரிகிற காட்சி அது. எங்கள் மாமி அந்த இடத்தில் எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தார். யாழினி பிள்ளை தேடுகிற இடத்திலிருந்து போடுங்கள், கதை விளங்கும். வெள்ளைக் கோடு வருகிறபோது ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள், அம்மா ஏதாவது சொல்ல வெளிக்கிட்டால் படத்தை நிற்பாட்டிவிட்டு அதைக் கேளுங்கள். படம் எங்கும் போகாது. கத்திச் சண்டையை விட்டுவிட்டால் நட்டம் இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு தொடங்க வேண்டாம், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலப் படம். உங்கள் வீட்டிலும் அந்தப் பொலித்தீன் பை இருக்கும். படம் முடிந்து அம்மா அதை எடுத்துவரப் போனால், கூட இருந்து ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கறை படிந்த தாளை லெமினேட் பண்ண மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.